மின்சாரம் பிறக்கும் ஊரில் பேட்டரிக்கு என்ன வேலை?

அனல்மின் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் கொதிகலனைக் காட்டுவார்கள், டர்பைனைக் காட்டுவார்கள். பேட்டரி அறைக்கு அழைத்துப் போவது அபூர்வம். மூடிய கதவுக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஈய அமில செல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட். எல்லாவற்றையும் தொடராக இணைத்து 220 வோல்ட் டிசி மின்சாரத்தை எந்நேரமும் தயாராக வைத்திருப்பார்கள். ஊருக்கே கரண்ட் கொடுக்கும் இடத்துக்குப் பேட்டரி எதற்கு?

டர்பைனின் தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. தாங்கிகளில் அது எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. நிலையமே இருண்டுபோனால் எண்ணெய் பம்பும் நின்றுவிடும். தண்டோ உடனே நிற்காது. அடங்குவதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை எண்ணெய் கிடைக்காவிட்டால் தாங்கிகள் உருகிப் பல கோடி ரூபாய் இயந்திரம் பாழாகிவிடும். அந்த நிமிடங்களுக்காகத்தான் பேட்டரியில் ஓடும் அவசர எண்ணெய் பம்பு. பேட்டரி டர்பைனை ஓட்டுவதில்லை. அது ஒழுங்காக நிற்பதற்கு அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் நாம் வைக்கும் யூபிஎஸ்ஸின் மூலக்கருத்து இதுவேதான். கடையில் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவதும் இதையேதான்.

தடையில்லா மின்சாரத்தின் அருமை நெய்வேலிக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருளும் வெளிவந்ததுதான் இந்த ஊரின் தொடக்கம். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்எல்சி) உருவாகிச் சுரங்க வேலை தொடங்கியபோது, கரியைவிட அந்த நீர்தான் பெரிய சவாலாக இருந்தது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. இரவு பகல் பாராமல் பம்புகள் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக நிற்கும். பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கரி வேண்டும், கரியை எடுக்கப் பம்புகள் ஓடவேண்டும். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் 1962இல் ஓடத் தொடங்கியபோது இந்த வட்டம் முழுமையடைந்தது. அது எங்கேயும் அறுந்துவிடக் கூடாது.

பேட்டரியின் வயது அனல்மின் நிலையத்தின் வயதைவிட அதிகம். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். தந்தி, தொலைபேசி நிலையங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தெருவில் கரண்ட் போனாலும் பழைய கம்பித் தொலைபேசி பேசியதற்குக் காரணம், தொலைபேசி நிலையத்தில் இருந்த 48 வோல்ட் பேட்டரி வரிசை. 1934இல் ஜான் ஹான்லி என்பவர் அமெரிக்காவில், மின்சாரத்தை இடைவிடாமல் காக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். யூபிஎஸ்ஸின் பிறப்புச் சான்றிதழாகப் பலரும் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் வந்தது கம்ப்யூட்டர். தொடக்க காலத்துப் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஒரே தண்டில் பூட்டி, நடுவே கனமான சக்கரம் ஒன்றை வைத்துச் சுழலவிட்டார்கள். கரண்ட் கண்சிமிட்டினாலும் சக்கரத்தின் வேகம் சில நொடிகளைத் தாண்ட வைக்கும். நினைவகமும் அப்போது வேறு மாதிரி. 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155இல் கூட நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் போனாலும் காந்தம் எழுதியதை மறக்காது. 1970இல் இன்டெல் 1103 போன்ற சில்லு நினைவகங்கள் வந்தபின் நிலைமை தலைகீழானது. விலை குறைந்தது, வேகம் கூடியது, ஆனால் கரண்ட் போன கணமே எல்லாம் அழிந்தது. என் பார்வையில் வீட்டுக்கு வீடு யூபிஎஸ் தேவைப்பட்டதற்கு வேர் இந்த மாற்றம்தான்.

அதற்குள் பொருளும் தயாராகியிருந்தது. 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்சை உருவாக்கியதால், சுழலும் சக்கரம் இல்லாமலே டிசியை ஏசியாக மாற்ற முடிந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனம் அமிலத்தைக் களியாக உறையவைத்து மூடிய பேட்டரியைச் செய்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், அமிலம் சிந்தாது. தனி அறையில் கிடந்த பேட்டரி அதனால்தான் மேசைக்கு அடியில் வர முடிந்தது. 1984இல் அமெரிக்காவின் ஏபிசி (APC) தன் முதல் யூபிஎஸ்ஸை விற்றது. சூரிய மின்சாரத்துக்காக 1981இல் மூன்று பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அதே 1984இல்தான் இந்தியாவின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்தது. தமிழ்நாட்டில் நியூமெரிக் தொடங்கியதும் அந்த ஆண்டே. பல வங்கிகளும் அலுவலகங்களும் அறிந்த அந்தப் பெயரின் யூபிஎஸ் வணிகத்தை 2012இல் பிரான்சின் லெக்ராண்ட் வாங்கிக்கொண்டது.

இனி, வாங்குகிறவருக்கு. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் மின்விநியோகம் என்எல்சியின் பொறுப்பு. வேலியைத் தாண்டினால் மின்வாரியம். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்தபோது வெளியூர்க்காரர்கள் வாங்கியது இன்வெர்ட்டர். அது மின்விசிறிக்கும் விளக்குக்கும் பல மணி நேரம் தாங்குவதற்கானது. யூபிஎஸ் கண்சிமிட்டும் கரண்டுக்கானது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் கம்பங்களைச் சாய்த்து நாள்கணக்கில் இருட்டாக்கியதே, அதற்கு இரண்டும் போதாது, ஜெனரேட்டர்தான். எந்த இருட்டுக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளவேண்டும்.

நம் மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லிநொடி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய அவ்வளவு நேரம் தன் கையிருப்பில் மூச்சடக்கும். சாதாரண யூபிஎஸ் 10 மில்லிநொடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடுவதால் வீட்டுக்கும் கடைக்கும் லைன் இன்டராக்டிவ் வகையே போதும். வோல்டேஜ் ஏறி இறங்குவதையும் அதுவே ஓரளவு சரிசெய்துகொள்ளும். மாறும் இடைவெளியே இல்லாத ஆன்லைன் யூபிஎஸ் சர்வருக்கும் ஆய்வகக் கருவிக்கும் தேவை. விலை பல மடங்கு. வீட்டு இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் பின்பக்கச் சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்னொரு பக்கத்தில் இருந்தால் மாறுவதற்கு நேரம் கூடும், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும்.

பெட்டியில் 600 விஏ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். பார்க்கவேண்டியது வாட்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, தாளில் 84 வாட்-மணி. வேகமாக இறக்கும்போது அதில் பெரும்பகுதி கைக்கு வராது. 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் நல்லது. பில்லைச் சேமித்துவிட்டு அணைக்க அது தாராளம். லேசர் பிரின்டரை மட்டும் அதில் மாட்டவே கூடாது. அதன் சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரத்தில் யூபிஎஸ் மூச்சுத் திணறிப்போகும்.

நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்து வெயிலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இந்தப் பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் சொல்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி போய்விட்டால் யூபிஎஸ்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அலமாரிக்குள் அடைக்காமல் காற்றாட வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்தால் போதும். நேரம் பாதியாகிவிட்டால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழிப்பார். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவதை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பாக்கியிருக்கின்றன. அதனால் அதைக் காயலான் கடையில் போடாமல் பேட்டரி விற்ற கடைக்கே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயம் விஷம், ஆனால் முறையாக உருக்கினால் மறுபடி பேட்டரித் தகடாகும்.