த்லோம்ஙைனா: ஒரு சொல்லின் பின்னுள்ள ஊர்

மிசோ மொழியின் 'த்லோம்ஙைனா' என்னும் சொல்லைப் 'பரோபகாரம்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. பரோபகாரத்தில் கொடுப்பவரின் விருப்பம் முதன்மை பெறுகிறது. இங்கோ, துன்புற்ற குடும்பம் கேட்கும் முன்பே செல்வது கடமை, செல்லாதிருப்பது இழுக்கு. பழைய மிசோ ஊர்களில் 'சோல்புக்' எனப்பட்ட பொதுக்கூடத்தில் உறங்கிய மணமாகாத இளைஞர்களே நோயுற்றவரைச் சுமந்தனர். கைம்பெண்களுக்குக் குடிசை கட்டிக்கொடுத்தனர். இறந்தோர்க்குக் குழி தோண்டினர். பின்வாங்கியவன் ஊரார் மதிப்பை இழந்தான். (இவ்வற்புறுத்தலை மறைத்துவிட்டு மலைமக்களின் 'இயல்பான' ஈகையை வியப்பது ஆய்வாகாது.) கிறித்தவமும் பள்ளிக்கல்வியும் பரவியபின் அக்கூடங்கள் மறைந்தன. 1935 ஜூன் 15 அன்று தொடங்கப்பெற்று, 1947இல் இளம் மிசோ சங்கம் எனப் பெயர்மாறிய இளம் லுஷாய் சங்கம் அப்பணியை ஏற்றது. இன்றும் மிசோரத்தில் இறப்பு நேர்ந்த வீட்டார் குழிவெட்ட ஆள் தேடுவதில்லை.