ஊத்தங்கரையிலிருந்து ஒரு நீதிபதி

1916இல் ரெஜினா குஹா கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு கேட்டார். சட்டப் படிப்பை முடித்தவர். சட்டத்தில் 'நபர்' என்று இருக்கிறது, அந்தச் சொல்லுக்குள் பெண் வரமாட்டாள் என்று தள்ளுபடி செய்தார்கள். பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் இதே பதில்தான். (தொல்காப்பியர்கூட உயர்திணையில் பெண்பாலுக்கு இடம் கொடுத்துவிட்டார்.) 1923இல் தனிச் சட்டம் வந்த பிறகே இந்தத் தடை நீங்கியது.

திருவிதாங்கூரில் அன்னா சாண்டி 1937இல் முன்சீப் ஆனார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி ஜேன் போலின் நியூயார்க்கில் பதவியேற்றது 1939இல். 1862இல் தொடங்கிய நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை வரும்போது 1986 ஆகிவிட்டது. யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வந்து, செங்கம் சாலையில் மேற்கே போனால் சிங்காரப்பேட்டைக்கு அப்பால் ஊத்தங்கரை. ஆர். பானுமதியின் ஊர். 1988இல் மாவட்ட நீதிபதி, 2003இல் சென்னை உயர் நீதிமன்றம், 2013இல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014இல் உச்ச நீதிமன்றம். அங்கே அமர்ந்த ஆறாவது பெண் அவர்.

பதவிகளைவிட அவருடைய அம்மாவின் வழக்குதான் என் மனதில் நிற்கிறது. பானுமதிக்கு இரண்டு வயதில் தந்தை பஸ் விபத்தில் இறந்துபோனார். அம்மா நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். தீர்ப்பும் சாதகமாக வந்தது. பணம்தான் வரவில்லை. நடைமுறைச் சிக்கல், உதவ ஆளில்லை. அம்மாவும் மூன்று பெண்பிள்ளைகளும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2020 ஜூலையில் ஓய்வுபெறும்போது அவரே சொன்னார். ஜீவனாம்ச வழக்கு நடத்தும் நம் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. தீர்ப்பு கையில் இருக்கும். தொகைக்காக மறுபடி நிறைவேற்று மனு, மறுபடி வாய்தா. அந்த வாய்தாக்களின் வலி தெரிந்த ஒரு வீட்டிலிருந்து பெண் ஒருவர் நீதிபதி இருக்கைக்குப் போனார் என்பதை என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்கிறேன்.

கூடவே ஏ. வரதராஜனையும் சொல்வேன். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி, 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண்ணாகப் பாத்திமா பீவி வந்தது 1989இல். தலித்தாகவும் பெண்ணாகவும் இருக்கும் ஒருவரை அந்த இருக்கை இன்னும் பார்க்கவில்லை. வேலூர், விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிகளுக்குப் போகிற நம் சேரிப் பெண்களிடம் இந்தக் கணக்கை நான் மறைப்பதில்லை.