வார்சாவின் பழைய நகரமும் பியாவோவியெஷாவின் காட்டெருமையும்

போலந்தைச் சுற்றிப் பார்க்க வருவோரின் பயண நிரலில் இரண்டு இடங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று தலைநகர் வார்சாவின் பழைய நகரச் சதுக்கம். மற்றொன்று கிழக்கெல்லையில் பெலாரூஸ் நாட்டிற்குள்ளும் நீளும் பியாவோவியெஷா பெருங்காடு. முன்னது இடைக்கால நகரமாகவும், பின்னது ஐரோப்பியச் சமவெளியில் எஞ்சி நிற்கும் ஆதிக்காட்டின் பகுதியாகவும் அறிமுகப்படுத்தப்படுகின்றன. ஆனால் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் வீடுகள் மீண்டும் கட்டப்பட்டு 1953 ஜூலை 22 அன்று திறந்து வைக்கப்பட்டவை. காட்டில் உலவும் காட்டெருமைகளோ விலங்குக் காட்சிசாலைகளில் தப்பிப் பிழைத்தவற்றின் வழித்தோன்றல்கள். அழிந்த நகரமும் அற்றுப்போன விலங்கும் திரும்பி வந்ததற்குக் காரணம், யாரோ சிலர் முன்னதாகவே எழுதியும் வரைந்தும் வைத்திருந்த தாள்கள்.

1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய வார்சா எழுச்சி 63 நாட்கள் நீடித்துத் தோற்றது. அதன் பின்னர் நடந்ததைப் போர்ச் சேதம் என்று சொல்வது பொருந்தாது. மக்கள் வெளியேற்றப்பட்ட நகரை ஜெர்மானியப் பிரிவுகள் தெருத்தெருவாக எரித்தன, வெடிவைத்துத் தகர்த்தன. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தனியே குறிவைக்கப்பட்டன. 1945 ஜனவரியில் நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு இடிபாடாகக் கிடந்தது.

இருப்பினும் நகரின் அளவுகள் பிழைத்திருந்தன. போருக்கு முந்தைய ஆண்டுகளில் வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்கள், பயிற்சியின் பகுதியாகப் பழைய கட்டடங்களை அளந்து வரைபடங்கள் தயாரித்திருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அப்பணி மறைவாகத் தொடர்ந்தது. எழுச்சிக்குப் பின் அவ்வரைபடங்கள் நகரிலிருந்து கடத்தப்பட்டு, பியோத்ர்கூவ் நகரின் மடாலயமொன்றில் ஒளித்து வைக்கப்பட்டன. மதிப்பெண்ணுக்காக வரையப்பட்டவை ஒரு தலைநகரின் உயில்போல ஆயின. இவற்றுக்குத் துணையாக நின்றவை பெர்னார்தோ பெலோட்டோவின் ஓவியங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்டின் அரசவை ஓவியராக இருந்த அவர், வார்சாவின் தெருக்களையும் முகப்புகளையும் நுணுக்கமாகத் தீட்டினார். அவற்றுள் 22 ஓவியங்கள் இன்று அரண்மனையில் உள்ளன. அந்த அரண்மனையும் 1971-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி மீண்டும் எழுப்பப்பட்டதே.

மறுகட்டுமானத்தை வழிநடத்திய யான் சக்வாதோவிச், சிதைந்ததைக் காக்கலாமேயன்றிப் புதிதாகப் போலி செய்யலாகாது என்ற மரபுப் பாதுகாப்புக் கோட்பாட்டை அறியாதவரல்லர். அறிந்தே அதை ஒதுக்கிவைத்தார். அவர்கள் மீட்டது 1939-ஆம் ஆண்டின் நகரமும் அன்று. தூய யோவான் பேராலயத்துக்குப் போருக்கு முன்பிருந்த முகப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. அதை விடுத்து, மத்தியகால மசோவிய கோதிக் பாணி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு செங்கல் முகப்பை எழுப்பினார்கள். வீடுகளின் பின்புறத்தில் நெருக்கியடித்திருந்த கட்டடங்கள் மீண்டும் கட்டப்படவில்லை. அங்கே முற்றங்கள் திறந்தன. வெளியே பழமை, உள்ளே தொழிலாளர் குடியிருப்பு. இதற்கான செங்கற்களில் ஒரு பகுதி, 1945 வரை ஜெர்மனிக்குரியதாயிருந்த வ்ரோத்ஸ்வாஃப் போன்ற நகரங்களின் கட்டடங்களை இடித்துக் கொண்டுவரப்பட்டது. ஒரு நகரத்தின் நினைவு இன்னொரு நகரத்தின் செலவில் மீண்டது என்பதை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. யுனெஸ்கோ 1980-இல் பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, தொன்மையைக் காட்டிலும் இந்த மீட்டெடுப்பையே மதித்தது எனலாம்.

பழைய நகரிலிருந்து விஸ்துலா ஆற்றைப் பார்த்தால் எதிர்க்கரையில் வார்சா விலங்குக் காட்சிசாலை. அதன் இயக்குநர் யான் ஜபின்ஸ்கியும் அவர் மனைவி அந்தோனினாவும் போர்க்காலத்தில் யூதர்கள் பலரை அவ்வளாகத்தில் மறைத்துக் காத்தவர்கள். ஜபின்ஸ்கிக்கு இன்னொரு பணியும் இருந்தது: போர் முடிந்ததும் ஐரோப்பியக் காட்டெருமைகளின் வம்சாவளிப் பதிவேட்டைத் தொகுத்தவர் அவரே. அந்தப் பதிவேடே பயணியை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கிழக்கே, பியாவோவியெஷாவுக்கு இட்டுச் செல்கிறது.

பியாவோவியெஷாவின் அரண்மனைப் பூங்காவில் 1752-இல் நாட்டப்பட்ட கல்தூண் ஒன்று உண்டு. மன்னர் மூன்றாம் ஆகஸ்டின் ஒரு வேட்டையில் 42 காட்டெருமைகள் வீழ்த்தப்பட்டதை அது பெருமையுடன் அறிவிக்கிறது. வரலாற்றின் முரண் என்னவென்றால், அரச வேட்டைக்கென ஒதுக்கப்பட்டதாலேயே காடு கோடரிக்குத் தப்பியது. போலந்து மன்னர்களுக்குப் பின் ரஷ்யப் பேரரசர்களும் அதைத் தமக்கெனக் காத்தனர். 1915-இல் அக்காவல் முறிந்தது. ஜெர்மானியப் படை காட்டுக்குள் இருப்புப்பாதை அமைத்து மரங்களை வெட்டியது. விலங்குகள் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. போருக்கு முன் 700-க்கும் மேற்பட்டிருந்த காட்டெருமைகளில் கடைசியானது 1919-இல் வீழ்ந்தது. காகசஸ் மலையில் எஞ்சியவையும் 1927-க்குள் அழிந்தன.

1923-இல் போலந்து விலங்கியலாளர் யான் ஷ்டோல்ட்ஸ்மனின் முன்மொழிவை அடுத்து ஒரு பன்னாட்டுக் கழகம் உருவாகி, காட்சிசாலைகளிலும் தனியார் பண்ணைகளிலும் எஞ்சிய விலங்குகளைக் கணக்கெடுத்தது. கலப்பில்லாதவை ஐம்பத்து நான்கே. இன்றுள்ள அனைத்தும் பன்னிரண்டு மூதாதைகளின் வழிவந்தவை. பியாவோவியெஷா மந்தையின் தூய சமவெளி மரபுக்கோ மூதாதைகள் ஏழு மட்டுமே. பதிவேட்டின் முதல் பதிப்பு 1932-இல் வந்தது. எது எதன் கன்று என்று தெரியாமல் இனப்பெருக்கம் செய்திருந்தால், அமெரிக்கப் பைசனோடும் வீட்டு மாடுகளோடும் கலந்த விலங்குகள் மந்தைக்குள் நுழைந்திருக்கும். 1929-இல் காட்டெருமைகள் பியாவோவியெஷாவின் வேலியிட்ட பகுதிக்குத் திரும்பின. 1952-இல் வேலி திறக்கப்பட்டது. 2019 வாக்கில் ஐரோப்பாவில் சுதந்திரமாக உலவியவை 6,200-ஐக் கடந்தன. ஆனால் குறுகிய மரபணு வளமும் அதனால் நோய்களுக்கு ஆட்படும் தன்மையும் பதிவேட்டால் தீராத சிக்கல்கள்.

பதிவுகளின் துணையால் எல்லாம் திரும்பிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வார்சாவுக்குத் திரும்பும் பயணி, பழைய நகரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய முரானுவ் பகுதியைப் பார்த்தால் அது விளங்கும். போருக்கு முன் வார்சா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். முரானுவ் அவர்களின் வாழ்விடமாக இருந்து, 1940-இல் சுவரெழுப்பி அடைக்கப்பட்ட கெட்டோவின் பகுதியாயிற்று. 1943 ஏப்ரலில் வெடித்த கெட்டோ எழுச்சிக்குப் பின் அது தரைமட்டமாக்கப்பட்டது. போருக்குப் பின் இங்கே பழைய தெருக்களை மீட்க எவரும் முனையவில்லை. இடிபாடுகள் அகற்ற முடியாத அளவுக்குக் குவிந்திருந்ததால், கட்டடக் கலைஞர் போதான் லாகெர்ட் அவற்றின் மேலேயே குடியிருப்புகளை அமைத்தார். நொறுங்கிய செங்கல்லையே கான்கிரீட்டில் கலந்து புதிய கற்கள் வார்க்கப்பட்டன. இன்றும் பல வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே மேடுகளில் நிற்கின்றன. படியேறித்தான் செல்ல வேண்டும்.

அந்த மேடுகளுக்கு அடியிலும் தாள்கள் இருந்தன. வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்பிளம் கெட்டோவுக்குள் ‘ஓனெக் ஷபாத்’ என்ற மறைமுகக் குழுவை அமைத்து, ஏறத்தாழ 35,000 பக்கங்களைத் திரட்டினார். நாட்குறிப்புகள், ஆய்வுகள், ரேஷன் அட்டைகள், டிராம் சீட்டுகள், மிட்டாய் உறைகள் என எதையும் அக்குழு அற்பமென்று தள்ளவில்லை. முதற்பகுதி பத்துத் தகரப் பெட்டிகளிலும் இரண்டாம் பகுதி இரண்டு பால் கேன்களிலும் புதைக்கப்பட்டன. ரிங்கெல்பிளம் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். குழுவில் ஏறத்தாழ அறுபது பேர் இருந்தும் போருக்குப் பின் எஞ்சியவர் மூவரே. அம்மூவருள் ஒருவரான ஹெர்ஷ் வாசர் காட்டிய இடத்தில் 1946-இல் பெட்டிகள் கிடைத்தன. நீர் புகுந்து தாள்கள் ஊறிப்போயிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில், புதிய குடியிருப்புக்கான கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று யூத வரலாற்று நிறுவனத்தில் பார்வைக்கு இருக்கிறது. புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் மூன்றாம் பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.