ஒரு அங்குலத்தின் கதை

கறுப்பு றப்பர் பம்பர் போட்ட எம்.ஜி.பி. கார் ஒன்றைப் பக்கவாட்டில பாருங்க. எதையோ எட்டிப் பார்க்க எக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். உங்கட கண்ணில பிழையில்லை. அந்தக் காரை உண்மையாகவே ஒரு அங்குலம் தூக்கி வைத்தார்கள்.

1962 இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எம்.ஜி.பி. நிலத்தோடு பதிந்த, குரோம் பம்பர் கார். அதன் பெரிய சந்தை அமெரிக்கா. 1970களில் அங்கே பம்பர், முன்விளக்கு உயரம் பற்றிய விதிகள் இறுகின. முன்பக்கத்தைப் புதிதாக வடிவமைக்காமல் சமாளிக்கப் பார்த்தது பிரிட்டிஷ் லேலண்ட். 1974 இன் பிற்பகுதியில் பாரமான றப்பர் பம்பரைப் பூட்டி, உடலை 25 மில்லிமீற்றர் உயர்த்தி அனுப்பியது. செலவைக் குறைக்க முன்பக்க அன்ரி-றோல் பாரையும் எடுத்துவிட்டது. விளைவு, வளைவுகளில் கார் சரியத் தொடங்கியது. 1977 மொடலில் முன்னும் பின்னும் அந்தப் பார் வந்தபிறகுதான் நிலைமை கொஞ்சம் சீரானது. உயரம் மட்டும் 1980 இல் உற்பத்தி நிற்கும்வரை குறையவேயில்லை.

அதைக் குறைக்கிற வேலை கார் வச்சிருக்கிறவையின் தலையில விழுந்தது. லேசான வழி, முன்னுக்குக் கட்டையான ஸ்பிரிங், பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் இடையில ஒரு கட்டை. கார் பதிந்திடும், பார்க்கவும் வடிவா இருக்கும். ஆனா சிக்கல் அங்கதான் தொடங்குது.

சில்லு மேலும் கீழும் போகும்போது சஸ்பென்ஷன் கைகள் ஒரு வளைவில ஆடும். சில்லைத் திருப்புகிற ஸ்டியரிங் கம்பி இன்னொரு வளைவில ஆடும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சில்லு நேராக நிற்கும். அந்தப் பொருத்தம் காரை வடிவமைத்த உயரத்தை அண்டித்தான் கச்சிதமாக இருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் கட்டையாக்கினால் கைகள் சாய்ந்து, பொருத்தம் குலைகிறது. ஒரு சின்னக் குழியில விழுந்தாலும் நீங்கள் திருப்பாமலே சில்லு திரும்பப் பார்க்கும். வேகத்தில இது உயிரோட விளையாட்டு.

இதில கவனிக்க ஒன்று இருக்கு. தொழிற்சாலை முன்பக்கத்தை உயர்த்தியது கிராஸ்மெம்பரை மாற்றித்தான். கீழ்க்கைகளும் ஸ்டியரிங் றேக்கும் அதிலேயே பூட்டப்பட்டிருப்பதால் அவற்றுக்கிடையிலான உறவு பெரிதாகக் கெடவில்லை. ஆகவே 1974 க்கு முந்தைய கிராஸ்மெம்பரைப் பூட்டுவதே வந்த வழியால திரும்பிப் போவது. அப்பவும் ஸ்டியரிங் தண்டின் சாய்வைச் சரிபார்க்க வேணும். பின் அக்சில் மேல எழும்ப இடமிருக்கோ எண்டும் பார்க்க வேணும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் முன்சில்லுகளின் நேரை அளந்து வைக்க வேணும்.

ஒரு அங்குலத்தைக் கூட்டினது ஒரு நிறுவனத்தின் அவசரம். அதே அவசரத்தில அதைக் குறைத்தால், கிடைப்பது பழைய கார் இல்லை. இன்னொரு பிழையான கார்தான்.