நிறுத்த ஆளில்லாத கடிகாரம்: 2020 இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய அணி

முதலாவது இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடின் தங்கப் பதக்கம் 2020 ஆகஸ்ட் 30 அன்று இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பொதுவாக வழங்கப்பட்டது. அதுவரை ஒலிம்பியாட் பொதுப்பிரிவில் இந்தியா எட்டிய உச்சம், 2014இல் நார்வேயின் டிரோம்சோ நகரில் பெற்ற வெண்கலம். அந்த ஐவர் அணியில் கே. சசிகிரண், எஸ்.பி. சேதுராமன், பி. அதிபன் ஆகிய மூவர் தமிழகத்தவர். இணையவழித் தங்கத்தைப் பலரும் பாதி வெற்றியாகவே எண்ணினர். இறுதியின் இரண்டாம் சுற்றில் ரஷ்யா தெளிவாக முந்தியிருக்க, இணையம் அறுந்ததால் கிடைத்த சலுகை அது என்பது அவர்கள் வாதம். அத்தொடரின் இரண்டு சர்ச்சைகளையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வாதம் நிற்காது.

அணியின் தொடக்கம் பொதுமுடக்கக் காலத்தைச் சேர்ந்தது. மாஸ்கோவில் நடக்கவிருந்த நேரடி ஒலிம்பியாடைப் பெருந்தொற்று தள்ளிப்போட்டது. மே மாதம் ஆறு அணிகளுடன் நடந்த இணையவழி நாடுகள் கோப்பையில் இந்தியா பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றது. விமானங்கள் நின்றுபோனதால் விஸ்வநாதன் ஆனந்த் அப்போட்டியை ஜெர்மனியிலிருந்தே ஆடினார். ஜூலை இறுதியில் தொடங்கிய ஒலிம்பியாடில் 163 நாடுகள் கலந்துகொண்டன. ஆடுகளம் செஸ்.காம் தளம். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம், நகர்வுக்கு 5 வினாடி கூடுதல். ஒரு சுற்றுக்கு ஆறு பலகைகள்: ஆடவர் இருவர், மகளிர் இருவர், இருபது வயதுக்குட்பட்ட ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். இந்த அமைப்பு அணித்தேர்வையே மாற்றியது. அதுவரை தனித்தனிப் பிரிவுகளில் ஆடிவந்த ஆடவரும் மகளிரும் ஒரே புள்ளிக் கணக்கில் வந்தனர். பதினைந்து வயதினரின் அரைப்புள்ளிக்கும் ஆனந்தின் அரைப்புள்ளிக்கும் ஒரே மதிப்பு.

விதித் குஜராத்தி தலைமையிலான பன்னிருவரில் ஆனந்த், ஆர். பிரக்ஞானந்தா, அவர் அக்கா ஆர். வைஷாலி, மதுரையைச் சேர்ந்த அரவிந்த் சிதம்பரம் ஆகிய நால்வர் தமிழகத்தவர். அணிக்கு வழிகாட்டிய கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீநாத் நாராயணனும் சென்னைக்காரர். 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் முன்னின்று தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் ஆனந்த் வளர்ந்தார். பலகையைச் சுற்றி ஆட்கள் நெருங்கி நின்று பார்த்த அந்தக் கூடத்தின் வழிவந்தவர்கள், இப்போது ஆளுக்கொரு வீட்டில், கேமராவின் கண்காணிப்பில் தனியே அமர்ந்தனர்.

முதல்நிலைப் பிரிவில் சீனா இருந்த குழுவில் முதலிடம் பிடித்து இந்தியா நேரே காலிறுதிக்குச் சென்றது. அங்கே ஆர்மேனியாவை முதல் சுற்றில் 3.5–2.5 என்று வென்றது. ஆனால் இந்தியாவின் நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய ஹைக் மார்டிரோஸ்யனின் இணைப்பு இடையில் துண்டிக்கப்பட்டு ஆட்டம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. தங்கள் பக்கம் கோளாறே இல்லை என்று ஆர்மேனியா முறையிட்டது. முறையீடு தள்ளப்பட, அவர்கள் இரண்டாம் சுற்றை ஆட மறுத்து விலகினர். அரையிறுதியில் போலந்திடம் முதல் சுற்றை 2–4 என்று இழந்த இந்தியா, இரண்டாவதை 4.5–1.5 என்று மீட்டது. முடிவைத் தீர்மானித்த அர்மகெடான் ஆட்டத்தில் மோனிகா சோச்கோவை கோனேரு ஹம்பி வென்றார். சர்ச்சையற்ற இந்த வெற்றியே அணியின் வலிமைக்குச் சிறந்த சான்று. ஆயினும் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இறுதியின் முதல் சுற்று 3–3. இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவின் சென்சுரிலிங்க் வலையமைப்பில் ஏற்பட்ட கோளாறு, கிளவுட்ஃபிளேர் வழியாக இயங்கிய தளங்களை உலகெங்கும் பாதித்தது. நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பிழந்து நேரம் தீர்ந்து தோற்றனர். ரஷ்யா 4.5–1.5. இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழுவில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. எனவே உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் அர்கடி துவோர்கோவிச் தங்கத்தை இரு அணிகளுக்கும் அளித்தார்.

பாதிக்கப்பட்ட இரு ஆட்டங்களையும் விலக்கிக் கணக்கிட்டால் நிலவரம் ரஷ்யாவுக்கு 2.5, இந்தியாவுக்கு 1.5. இரண்டையும் இந்தியா வென்றிருந்தால் 3.5–2.5 என்று தங்கம் அதனுடையது. ஒரு வெற்றியும் ஒரு சமநிலையும் வந்திருந்தால் 3–3. இரண்டும் சமநிலையென்றால் ரஷ்யா வென்றிருக்கும். அதாவது முடிவு திறந்தே இருந்தது, பகிர்வு சலுகையாகாது. இதே கணக்கை ஆர்மேனியாவுக்கும் போடவேண்டும். சர்ச்சைக்குரிய ஆட்டத்தை நீக்கினால் அங்கே 2.5–2.5. ஆக, இந்தியா பெற்ற நீதி நேர்மையானது என்று வாதிடுவோர், ஆர்மேனியாவின் குறையும் உண்மையானது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அநீதியின் அளவில் இல்லை, சான்றின் அளவில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 30இன் கோளாற்றை உலகமே கண்டது. ஓர் ஆட்டக்காரரின் திரையில் மட்டும் நிகழ்ந்த அறுபடலுக்கு வெளிச்சாட்சி எங்கிருந்து வரும்?

சிக்கலின் வேர் கடிகாரத்தில் இருக்கிறது. போட்டி அரங்கில் மின்சாரம் போனால் நடுவர் கடிகாரங்களை நிறுத்துவார். வெளிச்சத்துக்கும் மேசைக்கும் பொறுப்பு அமைப்பாளருடையது. இணையவழியில் கடிகாரம் தொலைதூரச் சேவையகத்தில் ஓடுகிறது. அரங்கின் பொறுப்பு ஆட்டக்காரரின் வீட்டு இணைப்பின் மேல் ஏறிவிடுகிறது. ‘உன் இணைப்புக்கு நீயே பொறுப்பு’ என்ற விதி வீட்டுக்குள் நிகழும் கோளாறுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டுக்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்ட பாதையில் நிகழ்வதை அந்த விதி கண்டுகொள்வதேயில்லை.

2021 இணையவழி ஒலிம்பியாடுக்கு இந்திய அணியினர் சென்னையில் ஒரு விடுதியில் ஒன்றுகூடி ஆடினர். இழந்த அரங்கை மீண்டும் கட்டிக்கொள்ளும் முயற்சியாகவே இதைக் கொள்ளவேண்டும். அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்ற அணிக்கு அவ்வாண்டு வெண்கலம் கிடைத்தது.

இணையவழி அணியின் பங்கை மதிப்பிடப் பதக்கத்தைவிடப் பெயர்ப்பட்டியல் உதவும். 2024இல் புதாபெஸ்டில் நடந்த நேரடி ஒலிம்பியாடில் இந்தியா பொதுப்பிரிவிலும் மகளிர் பிரிவிலும் தங்கம் வென்றது. அந்தப் பத்துப் பேரில் விதித், ஹரிகிருஷ்ணா, பிரக்ஞானந்தா, ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா அகர்வால் ஆகிய எழுவர் 2020 அணியினர். பொதுப்பிரிவு அணியின் தலைவராக உடன் சென்றவர் ஸ்ரீநாத் நாராயணன்.