கணினித் தேர்வும் தமிழ் எழுத்தும்

பேராக் மாநிலத்தின் தோட்ட வரலாறு ஒரு தேர்வோடு தொடங்குகிறது. 1877ஆம் ஆண்டில் தென்கிழக்காசியாவுக்கு வந்து சேர்ந்த ரப்பர் நாற்றுகளுள் சிலவற்றை, பேராக்கில் ஆங்கிலேய ஆலோசகராக இருந்த ஹியூ லோ கோலக்கங்சாரில் நட்டுவைத்தார். ஆயினும் அன்றைய தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பினர். அதன் விலை வீழ்ந்த பின்னரே ரப்பரை நாடினர். நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். எனவே, எதை நடுவது என்னும் முடிவு ஒரு தலைமுறையையே கட்டுப்படுத்தியது. கருவிகளைத் தேர்வதும் இத்தகையதே. தனியாள் கணினிகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட காலத்தில், தமிழர் எதைத் தேர்ந்தனர், அத்தேர்வு தமிழ் எழுத்தை எவ்வாறு கட்டியது என்பதை இங்கே காண்போம்.

தட்டச்சுப் பொறி தந்த பாடம்

கணினிக்கு முன்னரே தமிழ் ஒரு பொறியோடு போராடியது. நம் எழுத்துகள் 247. அவற்றைச் சில பத்து விசைகளுள் அடக்குவது எங்ஙனம்? மலாயாவில் நெடுங்காலம் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தவர் ஆர். முத்தையா இதற்கு விடை கண்டார். அவர் அமைத்த 'நகரா விசை'யை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழுந்து இரண்டும் ஒன்றாகும். பொறிக்கேற்பத் தமிழைக் குறைக்காமல், தமிழுக்கேற்பப் பொறியை வளைத்தார் அவர். இப்பாடம் பின்னாளில் மீண்டும் தேவைப்பட்டது.

மூவகைக் கணினிகள்

1977இல் ஆப்பிள் II வெளிவந்தது. அதன் தொடக்கக் கால வகைகளில் ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளே திரையில் தோன்றமாட்டா. பெரிய எழுத்துகள் மட்டுமே தோன்றும். ஆங்கிலத்துக்கே பாதி இடம் என்றால் தமிழுக்கு ஏது இடம்?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் திரையில் 25 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம். 'ர'வுக்கும் 'ணை'க்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தால் எப்படிப் பொருந்தும்? ஆயினும் அக்கணினிக்கு ஒரு சிறப்பு இருந்தது. அதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை பிற நிறுவனங்களிடமும் கிடைத்தன. எனவே காம்பேக் முதலிய நிறுவனங்கள் அதற்கு இணக்கமான கணினிகளைச் செய்தன. போட்டி பெருகியது; விலை இறங்கியது.

1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. அது எழுத்தைப் புள்ளிகளால் வரையும் ஓவியமாகக் கருதியது. அகலமும் வடிவமும் நம் விருப்பம். தமிழ் எழுத்துகளை வரைந்து சேர்க்கவும் வழி இருந்தது. ஆனால், அதன் விலை 2,495 அமெரிக்க டாலர். ஐபிஎம் கணினியின் அடிப்படை வகையோ 1,565 டாலருக்கே அறிமுகமானது.

எழில் ஒருபுறம், எளிய விலையும் ஏராளமான மென்பொருள்களும் மறுபுறம். உலகில் பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தனர். ஒன்றின் வட்டை மற்றொன்று படிக்காத அக்காலத்தில், பலரும் வைத்திருப்பதையே தாமும் வாங்குவது அறிவுடைமையாகவும் இருந்தது.

தமிழ் புகுந்த வழி

பெருவழக்கான அந்தக் கணினியில் தமிழைப் புகுத்தும் பணியில் மலேசியருக்குச் சிறந்த பங்குண்டு. 1980களின் நடுவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணிய'னை அமைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார்.

ஆனால், ஆர்வம் பெருகியபோது குழப்பமும் பெருகியது. ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு வழக்கமாக உரியது. எஞ்சிய இடங்களில் எதை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர். ஒருவர் 'அம்மா' என எழுதி அனுப்பியது, அதே எழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. கணினியைத் தேர்ந்தோர் அதனினும் பெரிய தேர்வொன்றை, அதாவது எழுத்தின் குறியீட்டை, விற்பவரிடமே விட்டுவிட்டனர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. குறியீட்டிலோ 'டாம்', 'டாப்' என இரண்டு நின்றன. இணைய அன்பர்கள் வகுத்த 'திஸ்கி'யும் உடன் வழங்கியது. 2001இல் கோலாலம்பூரிலும் மாநாடு கூடியது. இறுதியில், 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்த ஒருங்குறி வென்றது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றது, மெக்கின்டாஷும் ஏற்றது. ஆப்பிள் கணினிகளோடு வரும் 'இணைமதி' எழுத்துரு முத்து நெடுமாறன் வடித்ததே. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. எந்தக் கணினி சிறந்தது என்னும் பழைய வழக்கு அத்துடன் தன் கூர்மையை இழந்தது. எதில் எழுதினாலும் எதிலும் படிக்கலாம் என்னும் நிலை வந்தது.

நம் கடமை

இவ்வரலாறு பேராக் தமிழர்க்கு ஏன் வேண்டும்? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. லயங்களில் வாழ்ந்தோர் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவ்வாழ்வின் சான்றுகள் பள்ளி நினைவு மலர்களிலும் ஆலய விழா இதழ்களிலும் இருக்கின்றன. 1990களில் கணினியில் கோத்த அத்தகைய ஆவணங்கள் பழைய எழுத்துருக்களில் கட்டுண்டவை. எழுத்துருவின் பெயர் தெரியாவிடில், கோப்பு இருந்தும் அதிலுள்ள செய்தி எட்டாது.

ஆகவே, ஆசிரியர்கள் பள்ளி அலமாரிகளில் கிடக்கும் பழைய வட்டுகளைத் தேடியெடுத்தல் வேண்டும். எந்த எழுத்துருவில் கோத்தவை என்பதை, கோத்தவரிடமே கேட்டுக் குறித்தல் வேண்டும். மாணவர்கள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்படியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இன்றும் புதுக் கருவியோ மென்பொருளோ வாங்குமுன், 'இதில் எழுதியதை வேறொன்றில் படிக்க இயலுமா?' என்று கேட்பது முதற்கடன். அன்று பால்மரம் வெட்டியவரின் பெயரைத் தாங்கிய ஏட்டை அவர் பேரப்பிள்ளை நாளை படிக்க வேண்டுமானால், அக்கேள்வியை நாம் இன்று கேட்டே ஆகவேண்டும்.