ஒரே கடல், இரண்டு வாசல்: ‘கடல்புரத்தில்’, ‘ஆழி சூழ் உலகு’ யாருக்கு எது?

முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பார்கள். ஒன்றைவிட ஒன்று சிறிய கண் கொண்ட தட்டுகள் அவை. பெரிய முத்து முதல் தட்டிலேயே தங்கிவிடும்; பொடி முத்து கடைசித் தட்டு வரை இறங்கும். சல்லடையின் வேலை அத்தோடு முடிந்தது. பிறகு ஒவ்வொரு முத்தையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து உருட்சியையும் ஒளியையும் மதிப்பது கண்ணின் வேலை. ஒரே தட்டில் தங்கியவை என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே விலை கிடைத்துவிடாது.

புத்தகம் பரிந்துரைக்கும்போது நாம் பெரும்பாலும் சல்லடையோடு நின்றுவிடுகிறோம். “கடலோர வாழ்க்கையைப் பற்றி நல்ல நாவல் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டால், அந்தத் தட்டில் தங்கியவற்றை அப்படியே அள்ளிக் கொடுக்கிறோம். அதில் தவறாமல் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). மற்றது ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). இரண்டிலும் பரதவர்கள்தான் மாந்தர்கள். இரண்டிலும் மாதாவை வேண்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள், சாமியார் சொல்லுக்கு ஊர் கட்டுப்படுகிறது, எந்திரப் படகு வந்து பழைய ஒழுங்கைக் குலைக்கிறது. ஆனாலும் ஒன்றை விரும்பியவர் மற்றொன்றையும் விரும்புவார் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், யார் கையில் எதைக் கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே நின்று பார்ப்பது?

தலைப்புகளிலேயே வேறுபாடு தொடங்குகிறது. கடல்புரம் என்பது கடலை ஒட்டிய நிலம். அங்கே நிற்பவருக்குக் கடல் எதிரே தெரியும். ‘ஆழி சூழ் உலகு’ என்று சொல்பவருக்கோ கடல்தான் முதலில். உலகம் அதற்குள் கிடக்கும் ஒரு திட்டு.

வண்ணநிலவன் மணப்பாட்டுக் கரையில் ஒரு வீட்டுக்குள் நம்மை உட்காரவைக்கிறார். அப்பா குரூஸ் மைக்கேல் வல்லம் என்னும் தன் படகையும் வீட்டையும் விற்க மனம் வராதவர். வாத்தியார் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி விற்கச் சொல்கிறான். நடுவில் மகள் பிலோமி. அவள் சாமிதாஸை நேசிக்கிறாள், இழக்கிறாள், இழந்த பிறகும் கசந்துபோகாமல் இருக்கிறாள். கதையின் மையமான இந்தப் பெண் தொழிலுக்குக் கடலில் இறங்குகிறவள் இல்லை. கடலின் நல்லதும் கெட்டதும் திரும்பி வருகிறவர்களின் முகத்தில் எழுதியிருக்கும். அவள் அதை வாசிக்கிறாள், அவள் வழியாக நாமும் வாசிக்கிறோம்.

ஜோ டி குருஸ் எடுத்த எடுப்பிலேயே நம்மைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார். கோத்ரா, சூசை, சிலுவை என்று வெவ்வேறு வயதுள்ள மூவர் நடுக்கடலில் உயிருக்குத் தத்தளிக்கிறார்கள். அந்தத் தத்தளிப்பு நாவல் முழுக்க விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. இடையிடையே ஆமந்துறை என்ற ஊரின் அரை நூற்றாண்டு, 1930களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை, தலைமுறை தலைமுறையாக விரிகிறது. மூவரும் பிழைப்பார்களா என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர்களுடைய அப்பன் பாட்டன் கதைகளைக் கேட்கிறோம்.

ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடற்கரைக்கு வந்து பார்த்தவர். மற்றவர் உவரியில் பிறந்து, கப்பல் துறையில் பணியாற்றியவர். வெளியே இருந்து வந்தவர் மனங்களை உற்றுப் பார்த்தார். உள்ளே பிறந்தவருக்குத் தொழில் முழுவதையும் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. இதில் உயர்வு தாழ்வு ஏதுமில்லை. பார்வை தொடங்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

எவ்வளவு சொல்வது?

‘கடல்புரத்தில்’ சிறிய நாவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். வாக்கியங்களும் சிறியவை. வல்லத்துக்காரர்களுக்கும் எந்திரப் படகு வைத்திருந்த லாஞ்சிக்காரர்களுக்கும் இடையே மூண்ட பகை அதில் கொலை வரைக்கும் போகிறது. கரையோரம் எந்திரப் படகுகள் மீன்பிடிப்பதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1983இல்தான். நாவல் அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தியது. அவ்வளவு பெரிய சண்டையைக்கூட வண்ணநிலவன் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, மறுபடி ஒரு வீட்டு முற்றத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

‘ஆழி சூழ் உலகு’ ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும். கச்சானும் வாடையும் கொண்டலும் அதில் வெறும் காற்றுகளாக வருவதில்லை; அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிக்கிறவையாக வருகின்றன. அணியம், பருவல், நீவாடு என்று வரும் சொற்களுக்கு ஆசிரியர் நின்று பொருள் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. புதிதாகக் கடலுக்குப் போகும் பையன் அவற்றை எப்படிக் கற்றுக்கொள்வானோ அப்படித்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும், காதால் கேட்டுக் கேட்டு. முதல் ஐம்பது பக்கங்கள் மூச்சு முட்டும். அதைக் கடந்தவருக்கு அந்தப் பேச்சே நாவலின் பெரிய இன்பம்.

யாருக்கு எது?

ஆகவே, கேட்டு வருகிறவரிடம் “கடல் பிடிக்குமா?” என்று கேட்பதில் பயனில்லை. “கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினீர்கள், ஏன்?” என்று கேட்டுப் பார்க்கலாம். “ஆள்கள் அதிகம், யார் யாரென்று குழம்பிவிட்டது” என்பவருக்குக் ‘கடல்புரத்தில்’. “ஒன்றுமே நடக்கவில்லை” என்பவருக்கு ‘ஆழி சூழ் உலகு’. கு. அழகிரிசாமியின் கதைகளில் மனம் கரைந்தவர் பிலோமியைத் தேடிப் போவார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை அதன் பல ஊர்ப் பேச்சுக்காகவே படித்து மகிழ்ந்தவர் ஆமந்துறையில் குடியேறிவிடுவார். சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் ‘செம்மீன்’ பிடித்தவருக்கு முதல் நாவல். ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ பிடித்தவருக்கு இரண்டாவது.

இங்கே ஒரு தவறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆளின் ஊரையும் தொழிலையும் சாதியையும் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடற்கரைக்காரர் என்றால் கடல் நாவல், உப்பளத்துக்காரர் என்றால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. நாள் முழுக்க வலையோடு மல்லுக்கட்டி வந்தவருக்கு மறுபடியும் வலையைத்தான் படிக்கத் தோன்றும் என்று எப்படி முடிவுகட்டுகிறோம்? அவருக்கு ஒரு காதல் கதை வேண்டியிருக்கலாம், துப்பறியும் கதை வேண்டியிருக்கலாம். கடலையே பார்த்திராத ஒருவருக்கு ஆழியின் ஐந்நூறு பக்கம் வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பதை 1931இல் நூலக அறிவியலின் விதிகளாகவே வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் சொன்னது வாசகரைத்தான். வாசகரின் முகவரியை அவர் கேட்கவில்லை.

இந்தக் கரைக்கு அது புதிய பாடமும் இல்லை. முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த அண்டிரிக்கு அடிகளார் அவர்களுக்காக 1578இல் அச்சில் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அதே மக்களுக்காக 1586இல் வந்த அவருடைய ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களுக்கு மேல். புனிதர்களின் கதைகள் நிறைந்தது. ஒரே மனிதர், ஒரே கரை. சுருக்கமாக மனப்பாடம் செய்ய ஒன்று, உட்கார்ந்து கதை கேட்க ஒன்று. ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு விதப் பசி உண்டு என்பது நாலு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே தெரிந்திருக்கிறது.

1961க்குப் பிறகு இந்தக் கரையில் சலாபம் நடக்கவில்லை. ஆனால் சலாபத்துக்கு முன்பு செய்த ஒரு காரியம் நமக்கு இன்றும் உதவும். முதலில் சிப்பிகள் விளையும் கடலடிப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, உடைத்து, தேறுமா என்று பார்ப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். இரண்டு நாவல்களையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லலாம். எதை விட மனமில்லாமல் பதினொன்றாம் பக்கத்தைத் திருப்பினார் என்று அவர் வந்து சொல்லட்டும். பிலோமியிடமிருந்து வந்தவர், “அந்த ஆம்பளைங்க கடலுக்குள்ள என்னதான் செய்றாங்க?” என்று கேட்டால் அப்போது ஆழியைக் கொடுக்கலாம். ஆழியை முடித்துவிட்டு தூத்துக்குடி எப்படித் துறைமுகமானது என்று கேட்பவருக்கு, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’ காத்திருக்கிறது. அடுத்த புத்தகம் எது என்பதை, திருப்பிக் கொடுக்க வந்தவர் கேட்கும் கேள்வியே சொல்லிவிடும்.